கிளவுஸ் போட்டா சேஃப்டியா? வீட்டுப் பட்டறையில் டிரில், கட்டிங் மெஷின், லேத் இயக்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு கட்டிங் மெஷின் வந்துவிடுகிறது. டிரில் மெஷின் இல்லாத வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. கார் ஷெட்டில், மொட்டை மாடி கொட்டகையில் மர வேலை, இரும்பு வேலை செய்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கோவை ஆவாரம்பாளையம், கணபதி போன்ற பகுதிகளில் வீட்டின் முன்புறமே லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்வது பல காலமாக உள்ள வழக்கம்.

தொழிற்சாலை என்றால் அங்கே சூப்பர்வைசர் இருப்பார், பாதுகாப்பு விதிகள் இருக்கும், ஆய்வுக்கு அதிகாரி வருவார். வீட்டில் யார் வருவார்? அங்கே தொழிலாளியும் நீங்கதான், சூப்பர்வைசரும் நீங்கதான், இன்ஸ்பெக்டரும் நீங்கதான்.

பலர் நினைப்பது என்னவென்றால், "கவனமா இருந்தா போதும், ஒண்ணும் ஆகாது" என்பது. கவனம் தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. ஏன் போதாது, அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

கவனம் மட்டும் ஏன் போதாது?

ஒரு ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைவதற்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகும். சாதாரண வாழ்க்கையில் இது ரொம்ப வேகம். ஆனால் மெஷின் கணக்கில்?

வீடுகளில் அதிகம் பயன்படும் 4 இன்ச் கட்டிங் மெஷின், அதாவது ஹேண்ட் கிரைண்டர், நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. விநாடிக்கு 183 சுற்று. அதில் மாட்டியிருக்கும் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. வந்தே பாரத் ரயிலுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேகமே 160 கிலோமீட்டர்தான். நீங்க சுதாரிக்கிற அந்தக் கால் விநாடிக்குள் வீல் 45 தடவைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும்.

"லேத் மெதுவாத்தானே சுத்துது" என்று சிலர் கேட்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில், 40 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கம்பி சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். உங்க சட்டைக் கையின் நுனி அதில் சிக்கினால், கால் விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் துணியை அது சுருட்டிவிடும். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை உள்ள நீளத்தைவிட இது அதிகம். கையை இழுக்கணும் என்று தோன்றும்போதே கை மெஷினிடம் போயிருக்கும்.

அதனால்தான் மெஷின் வேலையில் பாதுகாப்பு என்பது ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. என்ன உடை போட்டிருக்கோம், எதை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கோம், எந்த இடத்தில் நிற்கிறோம், எந்த வீலை மாட்டியிருக்கோம் என்பதுதான் முக்கியம். ஓடும்போது சுதாரித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

கிளவுஸ் போடலாமா, கூடாதா?

இதுதான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். கிளவுஸ் போட்டால் கைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் லேத், மில்லிங் மெஷின், பெஞ்ச் டிரில், மரம் அறுக்கும் டேபிள் ரம்பம் ஆகியவற்றில் கிளவுஸ் போடவே கூடாது.

காரணம் எளிது. வெறும் விரல் சுற்றும் டிரில் பிட்டில் பட்டால் தோல் கிழியும், ரத்தம் வரும். அதுவே நூல் கிளவுஸ் போட்ட விரல் என்றால், ஒரு நூல் சிக்கினாலே போதும், கிளவுஸோடு சேர்த்து விரலையும், சில நேரம் மணிக்கட்டையும் முறுக்கி இழுத்துவிடும். தையல் போட வேண்டிய காயம், விரலையே இழக்கும் காயமாக மாறுவது இப்படித்தான்.

அப்போ கிளவுஸ் எப்போது போடலாம்? கூர்மையான தகடு, அறுத்த ஆங்கிள், பிசிறு உள்ள இரும்பு ஆகியவற்றைத் தூக்கும்போது கட்டாயம் போடுங்க. மெஷின் ஓடாத நேரத்தில் செய்யும் வேலை அது. இரண்டு கைகளாலும் பிடித்து இயக்கும் ஹேண்ட் கிரைண்டருக்கு, கையோடு ஒட்டிய தோல் கிளவுஸ் போடலாம். அங்கே கை பிடியில் இருக்கும், வீல் பக்கம் போகாது. தீப்பொறியில் இருந்தும் காக்கும். தொளதொள நூல் கிளவுஸ் இதற்கும் ஆகாது.

கிளவுஸுக்குப் பொருந்துவது மற்ற தொங்கும் பொருள்களுக்கும் பொருந்தும்.

* முழுக்கை சட்டை என்றால் முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடித்துவிடுங்க. அரைக்கை சட்டை இன்னும் நல்லது.
* லுங்கி, வேட்டி, தோளில் துண்டு வேண்டாம். பேன்ட், மூடிய ஷூ போடுங்க. செருப்பு ஆகாது.
* மோதிரம், வாட்ச், காப்பு, வளையல், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழட்டிடுங்க. கையில் கட்டிய சாமிக் கயிறைக் கழட்ட மனசு வராது என்றால், அது அசையாதபடி மேலே ஏற்றி, கையோடு ஒட்டினாற்போல டேப் சுற்றிவிடுங்க. தாலிச் செயினை சட்டைக்குள் போட்டு, மேலே ஏப்ரன் கட்டுங்க.
* துப்பட்டா, முந்தானை அறவே கூடாது. நீளமான தலைமுடியைக் கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் விடுங்க. பின்னல் மட்டும் போட்டால் போதாது.
* இயர்போன் வயர், கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு, ஹூடியின் நாடா ஆகியவையும் இதே பட்டியலில்தான் வரும்.

இந்தியாவில் 1948-ல் கொண்டுவரப்பட்ட தொழிற்சாலைகள் சட்டமே, ஓடும் மெஷின் அருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று சொன்னது. சட்டம் எட்டிப் பார்க்காத வீட்டுப் பட்டறைக்கும் அதே மெஷின், அதே ஆபத்துதான்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாளும் ஒரு தடவை பாருங்க. சக், ஸ்பிண்டில், மோட்டார் பெல்ட் பக்கம் கட்டிய மாலை, நூல், மாவிலை ஆகியவற்றை முழுசாக எடுத்த பிறகே மெஷினை ஓட விடணும்.

ஹேண்ட் கிரைண்டர்: எதைச் செய்யவே கூடாது?

வீட்டில் இருக்கும் மெஷின்களில் அதிக எச்சரிக்கை தேவைப்படுவது இதுதான். கையில் பிடிப்பது, வேகம் அதிகம், வீல் உடையக்கூடியது. ஆபத்துக்கான மூன்று காரணங்களும் ஒரே மெஷினில் இருக்கின்றன.

பெரிய வீல் மாட்டக் கூடாது: "4 இன்ச் வீல் ஆழமா அறுக்க மாட்டேங்குது, கார்டைக் கழட்டிட்டு 7 இன்ச் போட்டுக்கலாம்" என்று செய்பவர்கள் உண்டு. இது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண கட்டிங் வீல்கள் விளிம்பில் விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன. 7 இன்ச் வீலில் அதிகபட்சமாக 8,500 சுற்று என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். அதை 11,000 சுற்று ஓடும் மெஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். வீல் துண்டுதுண்டாகச் சிதறலாம். அந்தத் துண்டு வரும் வேகத்தில் விலகவே முடியாது. வீலில் போட்டிருக்கும் ஆர்.பி.எம்., மெஷினில் போட்டிருக்கும் ஆர்.பி.எம்.-க்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கணும். வாங்கும்போதே இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்க.

கார்டைக் கழட்டக் கூடாது: வீலைச் சுற்றி இருக்கும் அந்த இரும்பு மூடி தீப்பொறியைத் தடுக்க மட்டும் இல்லை. வீல் உடைந்தால் துண்டுகள் உங்க முகத்துக்கு வராமல் தடுப்பதும் அதுதான். மூடி உங்களுக்கும் வீலுக்கும் நடுவில் இருக்கும்படி திருப்பி வையுங்க.

மர ரம்பப் பிளேடு மாட்டக் கூடாது: பல் வைத்த மரப் பிளேடை ஹேண்ட் கிரைண்டரில் மாட்டும் பழக்கம் மிக மிக ஆபத்தானது. பல் ஒன்று மரத்தில் கடித்து மாட்டினால், அடுத்த நொடி மெஷின் அப்படியே பின்னால் எகிறும். எகிறும் திசையில் இருப்பது உங்க தொடை, வயிறு அல்லது கழுத்து. மரத்துக்கு மரம் அறுக்கும் மெஷின்தான்.

கட்டிங் வீலால் தேய்க்கக் கூடாது: அறுக்கும் வீல் மெல்லியது. அதன் பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்துத் தேய்த்தால் விரிசல் விடும். தேய்ப்பதற்கு தடிமனான கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது.

வீலுக்கும் எக்ஸ்பயரி உண்டு: இது பலருக்குத் தெரியாது. பிசின் வைத்து அழுத்திச் செய்யும் கட்டிங் வீல்கள் நாள்பட்டால், ஈரம் பட்டால் பலம் இழக்கும். தரமான வீலின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் 'வி' என்ற எழுத்தோடு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதுதான் கடைசித் தேதி. பொதுவாகத் தயாரித்த நாளில் இருந்து மூன்று ஆண்டுகள். மழையில் நனைந்த வீல், கீழே விழுந்த வீல், விளிம்பு உடைந்த வீல் எதையும் "கொஞ்சம்தானே" என்று மாட்டாதீங்க.

இது தவிர, புது வீல் மாட்டினால் யாரும் எதிரில் இல்லாத பக்கமாகப் பிடித்து, வெறுமனே ஒரு நிமிடம் ஓட விட்டுப் பாருங்க. வீல் மாற்றும்போது ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே உருவிடுங்க. பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழட்டிவிட்டு ஒரு கையால் பிடித்து அறுக்கும் வித்தை வேண்டாம். வேலை முடிந்ததும் வீல் முழுசாக நின்ற பிறகே கீழே வையுங்க. ஸ்விட்சை விட்ட பிறகும் அது சில விநாடிகள் சுற்றும்.

அறுக்கும் பொருளை வைக்கும் விதமும் முக்கியம். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், முடியும் நேரத்தில் இரும்பு உள்பக்கமாக மடங்கி வீலைக் கவ்வும். மெஷின் எகிறும். துண்டாகும் பக்கம் கீழே சாய்ந்து, வெட்டு விரியும்படி வைத்துக்கொள்ளணும்.

டிரில் மெஷினில் என்ன ஆபத்து?

"சின்ன ஓட்டைதானே" என்று தகட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பெஞ்ச் டிரில்லை இறக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. துளை போடும்போது பிரச்சனை தொடக்கத்தில் வராது. பிட் மறுபக்கம் வெளிவரும் அந்தக் கடைசி நொடியில் தகட்டைக் கவ்விப் பிடிக்கும். தகடு காற்றாடி மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். சுற்றுவது இரும்புத் தகடு என்பதால் அது கத்திக்குச் சமம். எவ்வளவு சின்ன பொருளாக இருந்தாலும் வைஸில் இறுக்குங்க. வைஸில் அடங்காதது என்றால் கிளாம்ப் போட்டு மேசையோடு பிடிக்க விடுங்க. மெல்லிய தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்தால் கவ்வுவது குறையும். மறுபக்கம் வரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைங்க.

இன்னொன்று சக் சாவி. பிட்டை இறுக்கிவிட்டு சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போட்டால், அது தோட்டா மாதிரி பறக்கும். லேத்திலும் இதே கதைதான், சாவி மட்டும் பெரிசு. இதற்குப் பட்டறைகளில் ஒரு எளிய பழக்கம் உண்டு. சாவி சக்கில் இருக்கும்வரை கை அதை விடக் கூடாது. கை விட்டால் சாவி அதன் இடத்துக்குப் போயிருக்கணும்.

சுவரில் துளை போடுபவர்கள், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடுவதைத் தவிருங்க. உள்ளே பதித்த வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

லேத், பெஞ்ச் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

லேத்தில் இருந்து சுருள் சுருளாக வரும் இரும்பு, பார்க்க ரிப்பன் மாதிரி இருக்கும். ஆனால் சூடு, கூர்மை இரண்டும் உண்டு. சக்கில் சுற்றினால் சாட்டை மாதிரி அடிக்கும். கையால் இழுக்காதீங்க. மெஷினை நிறுத்திவிட்டு, கொக்கிக் கம்பியால் எடுங்க. ஓடும்போதே வெர்னியர் வைத்து அளப்பதும், எமரி தாளை விரலில் சுற்றிப் பிடித்துப் பாலிஷ் போடுவதும் பழைய ஆட்கள்கூட செய்யும் தவறு. நீளமான கம்பியைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு ஓட விட்டால், வேகம் ஏற ஏற அது வளைந்து, சுற்றிலும் இருப்பதை எல்லாம் அடிக்கும். வெளியே நீட்டும் பகுதிக்குத் தாங்கல் கொடுங்க, இல்லை என்றால் வெட்டிக் குறைச்சுக்கோங்க.

பெஞ்ச் கிரைண்டரில் உளி, டிரில் பிட் சாணை பிடிக்கும்போது, பொருளை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கல் தேயத் தேய இந்த இடைவெளி பெரிசாகும். அதில் உளி உள்ளே போய்ச் சிக்கினால் கல்லே வெடிக்கும். அதனால் மெஷின் நிற்கும்போது தாங்கியை நகர்த்தி இறுக்கிக்கொண்டே இருக்கணும். புதுக் கல் மாட்டும் முன், அதை விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்க. மணி மாதிரி 'ணங்' என்று கேட்டால் நல்ல கல். செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடுங்க. சுவிட்ச் போடும்போது கல்லுக்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று போடுங்க.

மரம் அறுக்கும் மெஷினைக் கவிழ்த்து டேபிள் ரம்பம் செய்யலாமா?

பிளைவுட் மேசைக்கு அடியில் கை ரம்ப மெஷினைக் கவிழ்த்து மாட்டி, ஸ்விட்சை டேப் போட்டுக் கட்டி, 'குறைந்த செலவில் டேபிள் ரம்பம்' என்று சமூக வலைதளங்களில் நிறைய வீடியோக்கள் வருகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பிளேடுக்கு மூடி இருக்காது. அறுத்த மரம் மறுபடி பிளேடைக் கவ்வாமல் பிரித்து வைக்கும் தகடு இருக்காது. அவசரத்துக்கு நிறுத்த ஸ்விட்ச் கைக்கு எட்டாது. மரம் கவ்வினால், அந்த ரீப்பர் நேராக உங்க வயிற்றை நோக்கி எகிறி வரும்.

கம்பெனி டேபிள் ரம்பம் வைத்திருந்தாலும், பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்க. கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாதீங்க. ஒரு மரத்துண்டில் தள்ளுகோல் செய்து வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. விரல் தோலைத் தொட்டதை உணர்ந்து சில மில்லி விநாடிகளில் பிளேடை நிறுத்தும் ரம்பங்கள் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கின்றன. மனிதர் சுதாரிப்பதை நம்ப முடியாது என்பதால்தான் மெஷினுக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

கரண்ட் போயிட்டு வந்தா என்ன ஆகும்?

நம்ம ஊரில் இது முக்கியமான கேள்வி. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மெஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்ததும், ஆளில்லாத மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். அல்லது நீங்க சக்கில் கை வைத்திருக்கும்போது ஓட ஆரம்பிக்கும்.

கரண்ட் போனதும் முதல் வேலை, ஸ்விட்சை ஆஃப் செய்து பிளக்கை உருவுவது. லேத், டேபிள் ரம்பம் போன்ற நிலையான மெஷின் என்றால், கரண்ட் போனால் தானாக விடுபட்டு, மறுபடி பச்சை பட்டனை அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் இருக்கணும். எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் புரியும். சிவப்பு நிற அவசர நிறுத்த பட்டன் கைக்கு, முடிந்தால் முழங்காலுக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பட்டறைக்குத் தனி லைனில் ஆர்.சி.டி. கட்டாயம் போடுங்க. எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்கலாம். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. அளவுக்கு மீறிய மின்சாரம் போனால்தான் அது விழும். ஆர்.சி.டி. காப்பாற்றுவது ஆளை. உடல் வழியாகப் பூமிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவது, வயர் நுனியைச் சீவி நேராக சாக்கெட்டில் வைத்துத் தீக்குச்சியால் அடைப்பது ஆகிய பழக்கங்களை இன்றே நிறுத்துங்க. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்தபடி பெரிய மெஷின் ஓட்டினால் சூடாகி உருகும், முழுசாக விரித்துப் பயன்படுத்துங்க.

கண், காது, நுரையீரல்

கண்: பவர் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டிலும் மறைக்கும், ஐ.எஸ். 5983 அல்லது அதற்கு இணையான தர முத்திரை உள்ள கண்ணாடி வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கட்டிங் மெஷின் என்றால் அதற்கு மேல் முழு முகத் தடுப்பும் போடுங்க. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் கண்ணாடி தேவை.

காது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின் அந்த அளவை எட்டக்கூடியது. போன செவித்திறன் திரும்பி வராது. காதடைப்பான் போடுங்க.

நுரையீரல்: மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத சிலிகோசிஸ் நோயைத் தரும். கைக்குட்டை கட்டினால் இந்த நுண் தூசு நிற்காது. என்95 மாஸ்க் போடுங்க. வேலை முடிந்ததும் ஏர் பிரஷர் வைத்து உடம்பில் உள்ள தூளை ஊதாதீங்க.

மர வேலையும் இரும்பு அறுப்பதும் ஒரே இடத்தில் என்றால், தீப்பொறி மரத்தூளில் விழுந்து வெகுநேரம் கழித்துக்கூடப் புகையலாம். தின்னர், பெட்ரோல், பெயின்ட் டப்பாக்களை அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்க.

தனியா வேலை செய்யலாமா?

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வகப் பட்டறையில், 22 வயது மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைமுடி மெஷினில் சிக்கி உயிரிழந்தார். அவர் இயற்பியல் படித்தவர், மெஷின் தெரியாதவர் இல்லை. லேத்தில் பாதுகாப்புத் தடுப்புகள் போதவில்லை என்று பணியிடப் பாதுகாப்புத் துறை சொன்னது, அதன் சில கருத்துகளைப் பல்கலைக்கழகம் மறுத்தது. ஆனால் ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்கப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதில் இரண்டு கருத்து இல்லை.

வீட்டில் எப்போதும் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். வீட்டில் ஒருவரிடம் "மெஷின் போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்க. மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு, எப்படி அணைப்பது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்க. உள்தாழ்ப்பாள் போடாதீங்க. தூக்கக் கலக்கத்தில், மது அருந்திவிட்டு, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டுவிட்டு மெஷின் பக்கம் போகவே வேண்டாம். "இன்னும் ஒரே ஒரு பீஸ்தான்" என்று தோன்றும் நேரம்தான் நிறுத்த வேண்டிய நேரம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்ததும் பிளக்கை உருவி, வீல், பிட், பிளேடைப் பூட்டி வையுங்க. நிலையான மெஷினுக்கு மெயினில் பூட்டுப் போடும் வசதி வைப்பது நல்லது.

அடிபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

மெஷினில் சிக்கினால்: முதலில் மெயினை அணையுங்க. ஆளைப் பிடித்து இழுக்காதீங்க. மெஷினைப் பின்பக்கமாக ஓட விட்டு எடுக்கப் பார்க்காதீங்க, காயம் இரட்டிப்பாகும். 108-க்கு அழைத்துவிட்டு உதவி வரும்வரை தாங்கிப் பிடிங்க.

ஷாக் அடித்தால்: மெயினை அணைக்கும்வரை அவரைத் தொடக் கூடாது.

ரத்தம் கொட்டினால்: சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்க. "நின்னுச்சா" என்று துணியை அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. விரல் வீங்கும் முன் மோதிரத்தைக் கழட்டுங்க. டி.டி. ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்க.

விரல் துண்டானால்: துண்டான பகுதியைத் தேடி எடுங்க. சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்க. அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்க. விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும், பிறகு ஒட்ட வைக்க முடியாது. நுண் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்க ஊருக்குப் பக்கத்தில் இந்த வசதி எங்கே உள்ளது என்று இப்போதே விசாரித்து வையுங்க.

கண்ணில் இரும்புத்தூள் போனால்: கசக்காதீங்க. கைக்குட்டை நுனி, ஊசி, காந்தம் எதையும் வைத்து எடுக்க முயலாதீங்க. தாய்ப்பால், எண்ணெய் விடாதீங்க. வேகமாக வந்து கண்ணைக் குத்திய துகள் என்றால், கண்ணை அழுத்தாதபடி ஒரு பேப்பர் கப்பை வைத்து மூடி, கண் மருத்துவரிடம் போங்க. வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இரும்பு உள்ளேயே இருந்தால் பார்வையைக் கெடுக்கும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கண்ணில் இரும்பு பட்டதை முன்கூட்டியே சொல்வதும் அவசியம். ஸ்கேனின் காந்தப் புலம் அந்தத் துகளை நகர்த்திவிடும்.

ஸ்விட்ச் போடும் முன் ஒரு நிமிடம்

இதை ஒரு தாளில் எழுதி, பட்டறையில் ஸ்விட்ச் போர்டுக்கு மேலேயே ஒட்டி வையுங்க.

1. கண்ணாடி போட்டாச்சா?
2. மோதிரம், வாட்ச், கயிறு, துண்டு, துப்பட்டா, முடி சரியாக இருக்கா?
3. சுற்றும் மெஷின் என்றால் கிளவுஸைக் கழட்டியாச்சா?
4. பொருள் வைஸில் இறுகியிருக்கா?
5. சக் சாவி அதன் இடத்துக்குப் போயாச்சா?
6. வீலின் ஆர்.பி.எம்., தேதி, விரிசல் பார்த்தாச்சா? மூடி இடத்தில் இருக்கா?
7. உடைந்தால், எகிறினால் எந்தப் பக்கம் வரும்? நான் அந்தப் பக்கத்தில் நிற்கிறேனா?
8. வீட்டில் யாருக்காவது நான் மெஷின் போடுவது தெரியுமா?

இந்த எட்டையும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எட்டுக்கும் பதில் சரியாக இருந்தால் ஸ்விட்சைப் போடுங்க. ஒன்றுக்குச் சரியில்லை என்றாலும், முதலில் அதைச் சரி செய்யுங்க.